முதுமையில் வெளிநாட்டவரை மணந்த பெற்றோரின் பணமும் சொத்தும்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

துணையை இழந்த தந்தையோ தாயோ எழுபது வயதை ஒட்டி வேறொரு நாட்டவரை மணந்துகொண்டால், பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் ஓடுவது சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். வீட்டையும் வயலையும் தங்கள் பெயருக்குச் செட்டில்மெண்ட் (உயிருடன் இருக்கும்போதே சொத்தைத் தானமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். பாளையங்கோட்டையில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் தெரிந்த குடும்பங்களுக்கு இத்தகைய காகித வேலைகளில் துணையாக இருந்துவரும் எனக்கு, மற்றப் பிழைகள் எல்லாம் இந்த ஒரு வரிசைப் பிழையிலிருந்தே கிளைப்பதாகத் தெரிகிறது. பத்திரம், உயிலுக்கும் பின்னால் வர வேண்டிய படி. பல குடும்பங்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

கீழே உள்ள படிகள் தந்தை மணந்துகொண்டதாக வைத்து எழுதப்பட்டுள்ளன. தாய்க்கு விதி மாறும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

திருமணச் சான்றிதழ், புதுத் துணையின் பாஸ்போர்ட் மற்றும் விசா நகல், மறைந்த துணையின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், தாய்ப் பத்திரங்கள் (சொத்து முன்பு கைமாறிய பழைய மூலப் பத்திரங்கள்), பட்டா, வீட்டு வரி ரசீது, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) புத்தகம், பாஸ்புக்குகள், வைப்புத்தொகை ரசீதுகள், காப்பீட்டுப் பாலிசிகள், ஆதார், பான் ஆகியவை வேண்டும். நம் பகுதி வீடுகளில் இவற்றில் பாதி பீரோவில் ஒரு ரெக்சின் பையிலும், மீதி பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வையுங்கள். நகல் போதும், மூலத்தைச் சென்னைக்கோ துபாய்க்கோ கொண்டுபோவது, தந்தையின் கண்ணில் களவாகத்தான் தெரியும்.

விடுப்பில் வருபவர்கள் அந்த ஒரே வரவில் எல்லாவற்றையும் முடிக்க முயல்வதால்தான் அவசரக் கையெழுத்துகள் விழுகின்றன. முதல் வரவில் நான்காம் படி வரை முடிந்தாலே நல்ல வேகம்.

1. பணம் அவருடையது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குதல்

இது நல்லெண்ணத்துக்காகச் சொல்லப்படுவதன்று. பெற்றோர் தெளிவான மனத்துடன், யாருடைய நெருக்கடியும் இன்றிச் செய்த ஏற்பாடுதான் நாளை நீதிமன்றத்தில் நிற்கும். மகன் மிரட்டி வாங்கிய கையெழுத்தும், புது மனைவி மிரட்டி வாங்கிய கையெழுத்தும் சட்டத்தின் முன் ஒன்றே.

"அவுங்க உங்க பணத்துக்காகத்தான் வந்திருக்காங்க" என்று தொடங்கினால், "ஏல, எனக்கு என்ன புத்தி கெட்டாப் போச்சு?" என்ற பதிலோடு கதவு மூடிக்கொள்ளும். அதற்கு மாறாக, "அப்பா, உங்களுக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியாது" என்று கேட்டால், அவரே பையை எடுத்துவந்து வைப்பார். கேள்வியும் உண்மையானதுதான். மொழி தெரியாத ஊரில், வண்ணார்பேட்டை மருத்துவமனை வாசலில் அந்தப் பெண்மணி தனியாக நிற்க நேர்ந்தால் அவருக்கு என்ன வழி என்பதையும் இந்த ஏற்பாடு சொல்ல வேண்டும்.

உடன்பிறந்தோர் அனைவருக்கும் முதல் நாளே தெரிவியுங்கள். ஒருவர் மட்டும் தந்தையோடு உட்கார்ந்து செய்த ஏற்பாட்டை, மற்றவர்கள் பிறகு புதுத் துணையின் ஏற்பாட்டைவிட அதிகமாகச் சந்தேகிப்பார்கள்.

2. திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று பார்த்தல்

வாரிசுரிமை முழுவதும் இந்த விடையைப் பொறுத்தே அமைவதால் இதை இரண்டாவதாக வைக்கிறேன். பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தும். இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழ் இந்துப் பெண்மணியை மணந்தவருக்குச் சிக்கல் இல்லை. மணப்பெண் கிறிஸ்தவரான வெளிநாட்டவர் என்றால், கோயிலில் தாலி கட்டி மண்டபத்தில் விருந்து வைத்திருந்தாலும், அது அந்தச் சட்டப்படி திருமணமாகாது. அத்தகையவர்களுக்கு உரிய வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு; அறிவிப்புக்கு முன் இருவரில் ஒருவரேனும் அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் நடந்த திருமணம் என்றால், அந்நாட்டுச் சான்றிதழ் அப்போஸ்டில் (பிற நாடுகளிலும் ஏற்கப்படும் அரசுச் சான்று) முத்திரையுடனோ தூதரகச் சான்றுடனோ இருக்க வேண்டும்.

புதுத் துணைக்கு முன்பு திருமணம் ஆகியிருந்தால், அது முடிந்ததற்கான நீதிமன்ற ஆணையையோ இறப்புச் சான்றிதழையோ பாருங்கள். பிலிப்பைன்ஸில் பொதுவான மணமுறிவுச் சட்டம் இல்லாததால், "பிரிந்துவிட்டோம்" என்ற வாய்ச்சொல் அங்கிருந்து வருபவரைப் பொறுத்தவரை போதவே போதாது.

இப்போது பங்குக் கணக்கு. உயில் இல்லாமல் இறக்கும் இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் தாய் ஆகியோருக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு. ஆனால் ஓர் இந்து, இந்து அல்லாதவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தால், அவருடைய சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பாட்டி இல்லாத குடும்பத்தில் பிள்ளைகள் இருவர் என்றால் இரு சட்டங்களிலும் மனைவிக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்றே. பிள்ளைகள் நால்வர் என்றால் முதல் சட்டத்தில் ஐந்தில் ஒன்று, இரண்டாவதில் மூன்றில் ஒன்று. ஒரே பிள்ளை என்றால் முதல் சட்டத்தில் பாதி, இரண்டாவதில் மூன்றில் ஒன்று. இருவரும் இந்துக்கள் எனில், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்திருந்தாலும் இந்து வாரிசுரிமையே தொடரும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எப்போதும் 1925ஆம் ஆண்டுச் சட்டம்தான். முஸ்லிம் குடும்பங்களில், பிள்ளைகள் உள்ளபோது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

திருமணத்தைப் பதியாமல் விட்டால் அவருக்கு உரிமை வராது என்று சிலர் உள்ளூர மகிழ்கிறார்கள். பதியாத திருமணம் பின்னாளில் வழக்காகத்தான் வரும். அதற்குள் தந்தை இருக்கமாட்டார் என்பதால், நடந்ததைச் சொல்ல ஆளும் இருக்காது.

3. மறைந்த துணையின் சொத்தை முதலில் தீர்த்தல்

புதிய திருமணத்தைப் பற்றிய கவலையில் எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. அம்மா மறைந்தபின் அவர் பெயரில் இருந்த மனை, அவருடைய நகை, அவர் பெயரிலான வைப்புத்தொகை எல்லாம் அப்படியே கிடக்கும். "அப்பா இருக்கிறாரே" என்று யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, கணவருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்காகச் சேரும். கிறிஸ்தவப் பெண் என்றால் கணவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு. ஆக, லாக்கரில் உள்ள அம்மாவின் காசுமாலை முழுவதும் அப்பாவுடையதும் அன்று, முழுவதும் மகள்களுடையதும் அன்று. இந்தக் கணக்கைத் தீர்க்காமல் விட்டால், அப்பாவுக்குப் பின் அவருடைய பங்கு மட்டுமன்றி எது அவருடைய பங்கு என்ற கேள்வியும் புது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடையே வழக்காகும்.

லாக்கரைத் திறக்கும் நாளில் உடன்பிறந்தோர் அனைவரும் இருக்கட்டும். ஒவ்வொரு நகையையும் பெயர் சொல்லி, பவுன், கிராம் கணக்கில் எடை எழுதி, படம் எடுத்து, தந்தை உட்பட அனைவரும் கையெழுத்திட்ட ஒரே தாளாக முடியுங்கள். நகையைப் பிரித்துக்கொள்ள எழுத்துச் சம்மதம் போதும். மனையைப் பிரிக்கப் பதிவு செய்த பாகப்பிரிவினையோ தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ வேண்டும். வெறும் ஸ்டாம்ப் தாள் ஒப்பந்தம் சார்பதிவாளரிடம் செல்லாது.

4. சொத்துப் பட்டியல்

நான்கு பத்திகள் போதும்: சொத்து என்ன, யார் பெயரில், எப்படி வந்தது, யார் நாமினி. இவற்றில் "எப்படி வந்தது" என்பதுதான் எடை கூடியது. தந்தை தம் சுய சம்பாத்தியத்தை விரும்பியபடி எழுதிவைக்கலாம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுதலாம்.

வயல் கணக்கில் கவனம் வேண்டும். ஊரில் "பத்து மரக்கால் விதைப்பாடு" என்று வாய்வழியாகச் சொல்லும் தாமிரபரணிப் பாசன வயல், பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில், பலவேளை தாத்தாவின் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருக்கும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டா, சிட்டா நகலையும், குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றையும் எடுங்கள். இரண்டும் இணையவழியில் கிடைக்கும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டதால், பழைய பத்திரத்தில் "திருநெல்வேலி மாவட்டம்" என்று இருக்கும் பல ஊர்களுக்கு இப்போது கோட்டாட்சியரும் கருவூலமும் வேறு. எந்த அலுவலகம் என்று உறுதிசெய்த பின் பேருந்து ஏறுங்கள்.

குத்தகைக்கு விட்டிருந்தால், கார், பிசானம் இரு போகத்துக்கும் நெல்லாகவோ பணமாகவோ வருவதை யார் வாங்குகிறார் என்றும் எழுதுங்கள். முதியவரின் கையில் ரொக்கமாக விழுந்து எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகும் பணம் இதுதான்.

5. ஓய்வூதியம்

தந்தை மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், ஓய்வுக்குப் பின் மணந்த துணைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் திருமணத்தைத் துறைக்குத் தெரிவித்து, பி.பி.ஓ.வில் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். மாநில அரசு ஓய்வூதியர், கடைசியாகப் பணியாற்றிய துறையிலும் கருவூலத்திலும் விண்ணப்பம் கொடுத்து, எழுத்தில் பதில் பெறட்டும். இதைப் பிள்ளைகள் தடுக்க முயல்வது தன் காலில் தானே வெட்டிக்கொள்வதாகும். புதுத் துணைக்கு ஓய்வூதியம் வழியாக வாழ்வாதாரம் உறுதியானால், வீட்டின் மீதும் வைப்புத்தொகையின் மீதும் அவர் சாய வேண்டிய தேவை குறையும்.

தாய் மறுமணம் செய்துகொண்டால் விதி நேர்மாறானது. மறைந்த கணவர் வழியாக அவர் பெறும் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக மறுமண நாளோடு நின்றுவிடும். ஆண்டுதோறும் கொடுக்கும் மறுமணம் செய்யாச் சான்றில் பழக்கத்தில் கையெழுத்திட்டுத் தொடர்ந்து வாங்கினால், பிறகு மொத்தத் தொகையையும் திருப்பிப் பிடிப்பார்கள். பொய் உறுதிமொழி என்ற பழியும் சேரும். திருமணம் முடிந்ததும் வங்கிக்கும் கருவூலத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த வருமானம் நின்றபின் அவர் கையில் மாதம் என்ன இருக்கும் என்பதைத் திருமணத்துக்கு முன்பே கணக்கிட்டிருந்தால் இன்னும் நல்லது.

6. வங்கிக் கணக்குகளை மூன்றாகப் பிரித்தல்

ஓய்வூதியம் வரவாகும் கணக்கு தந்தையின் பெயரில் மட்டும் இருக்கட்டும். இரண்டாவதாக, வீட்டுச் செலவுக்கென ஒரு சிறு கணக்கு. புதுத் துணைக்கு இந்தியாவில் கணக்கு வைத்துக்கொள்ளும் தகுதி இருந்தால், இதில் மட்டும் அவரைக் கூட்டாகச் சேர்க்கலாம். மாதந்தோறும் முடிவு செய்த தொகை, முதல் கணக்கிலிருந்து தானாக இதற்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுங்கள். இதனால் அந்தப் பெண்மணி காய்கறிக்கும் மருந்துக்கும் கையேந்த வேண்டியதில்லை. தவறு நடந்தாலும் இழப்பு ஒரு மாதத் தொகையோடு நிற்கும். மூன்றாவது, வைப்புத்தொகைகள். இவற்றை மொபைல் செயலியில் தெரியாதபடி, கிளைக்கு நேரில் வந்தால் மட்டுமே உடைக்கும்படி வைப்பது நல்லது.

கூட்டுக் கணக்கில் பெயரைச் சேர்க்கும்போது இயக்கும் முறையைக் கேட்டு எழுதுங்கள். "எய்தர் ஆர் சர்வைவர்" என்றால் இருவரில் யாரும் எப்போதும் முழுத் தொகையையும் எடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால் முதலாமவர் உயிருடன் உள்ளவரை அவர் மட்டுமே இயக்குவார். வைப்புத்தொகைக்கு இரண்டாவதே பொருந்தும். படிவத்தில் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், அலுவலர் வழக்கம்போல் முதலாவதை டிக் செய்துவிடுவார்; இத்தனை ஆண்டுகள் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். கூட்டாகத் தொடங்கினால் துணைவருடன் மட்டுமே முடியும். மறைந்த அம்மாவின் பெயர் அதில் கூட்டாகவோ நாமினியாகவோ இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாக, விழுக்காட்டைப் பிரித்தும் நியமிக்கலாம் என்பதால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி இப்போது இல்லை. ஆனால் வங்கி நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே. உரிமை உயிலின்படியோ வாரிசுரிமையின்படியோதான் செல்லும். ஆயுள் காப்பீட்டில், மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியதாகலாம் என்பதால், பாலிசிகளைத் தனியே பாருங்கள்.

கைப்பேசி பற்றி ஒரு வார்த்தை. வங்கியில் பதிந்த எண்ணின் சிம், தந்தையின் பெயரில், தந்தையின் கையில் இருக்க வேண்டும். "ஓ.டி.பி. எனக்கே வரட்டும்" என்று மகன் தன் எண்ணைப் பதிவது மிகப் பரவலான பிழை. அதன்பின் நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அவனே பதில் சொல்ல வேண்டிவரும். தந்தை ஒப்பினால், மின்னஞ்சல் அறிவிப்பை மட்டும் ஒரு பிள்ளைக்கு வரும்படி செய்யலாம். பெரிய காசோலைகளுக்கு, 50,000 ரூபாயிலிருந்தே கிடைக்கும் பாசிட்டிவ் பே (காசோலை விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும்) வசதியை எழுதிக் கேளுங்கள்.

7. உயில்

ஆறு படிகளும் முடிந்த பிறகே உயில். அதற்குள் எது யாருடையது, எந்தச் சட்டம் என்பது தெளிந்திருக்கும்.

பழைய உயில் இருந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கிறிஸ்தவர் எழுதிய உயில், அவர் மணம் செய்துகொண்ட உடனே சட்டப்படி ரத்தாகிவிடும். முதல் மனைவி இறந்தபின் பிள்ளைகளுக்கு நிறைவாக எழுதிவைத்த உயில், இரண்டாம் திருமணத்தன்று வெற்றுத் தாளாகிறது. குடும்பத்துக்கு அது தந்தையின் இறப்புக்குப் பின்பே தெரியவரும். இந்துவின் உயில் திருமணத்தால் ரத்தாகாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பிற மதத்தவரை மணந்த இந்து, வாதத்துக்கே இடமில்லாமல் புதிதாக எழுதிவிடுவது பாதுகாப்பு. முஸ்லிம் தந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. வாரிசு ஒருவருக்கே எழுதுவதானால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

புது மனைவிக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதும் உயில்தான் அதிகம் வழக்குக்கு உள்ளாகிறது. வீட்டில் அவர் ஆயுள்வரை வசிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அவருக்குப் பின் வீடு பிள்ளைகளைச் சேரும், இவ்வளவு தொகை வைப்பு அவருக்கே முழு உரிமை என்று பிரிப்பது பெரும்பாலும் நிற்கிறது. இதற்கு ஒரு காரணமும் உண்டு. மனைவி முழு உரிமையுடன் பெற்ற பங்கு, அவர் இறந்தபின் அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது முந்தைய மணத்தில் பிறந்து வேறு நாட்டில் வாழும் அவர் பிள்ளைகளுக்குப் போகும். பெருமாள்புரத்து வீட்டுக்குப் பங்காளிகள் இரு நாடுகளில் இருந்தால், விற்கக் கையெழுத்து வாங்குவதற்கே பல ஆண்டுகள் ஆகும்.

மனைவி இந்து என்றால் இங்கே ஒரு நுண்ணிய பொறி உண்டு. அவருடைய ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக ஆயுள் உரிமை கொடுக்கப்பட்டதாக உயிலின் வாசகம் பொருள்பட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அது முழு உரிமையாக மாறிவிடக்கூடும். 1977இல் உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே இந்த ஒரு பத்தியைப் பத்திர எழுத்தரிடம் விடாமல், சிவில் வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள்.

சாட்சிகள் இருவர், இருவரும் பயன்பெறாதவர்களாகவும், முடிந்தவரை தந்தையைவிட இளையவர்களாகவும் இருக்கட்டும். வயது கூடியவரின் உயிலுக்கு, மனத்தெளிவு பற்றிய மருத்துவர் சான்றை அதே நாளில் பெறுவது நல்லது. பதிவு கட்டாயமில்லை, பதிந்தால், காணாமற்போகும் அச்சம் இல்லை. பதிந்த உயிலையும் பின்னொரு நாள் பதியாத உயிலால் மாற்ற முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"எனக்கு எந்தச் சொத்தும் வேண்டாம்" என்று புதுத் துணையிடம் ஸ்டாம்ப் தாளில் எழுதி வாங்கி நோட்டரியிடம் முத்திரை குத்தி வைத்திருப்பவர்கள் பலர். உயிருடன் இருப்பவரின் சொத்தில் எதிர்காலத்தில் வரக்கூடும் என்ற வெறும் வாரிசு எதிர்பார்ப்பைச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கைமாற்றத் தக்க உரிமையாகவே ஏற்பதில்லை என்பதால், அத்தாள் பெரும்பாலும் ஆறுதலுக்கு மட்டுமே உதவும்.

8. செட்டில்மெண்ட்: எப்போது, எப்படி

உயிலை மாற்றலாம், கொடுத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட செட்டில்மெண்டைத் தந்தை தனியாக ரத்து செய்ய முடியாது. அதனால்தான் இது உயிலுக்கும் பின்னால் வருகிறது. வீட்டை எழுதிக்கொடுத்துவிட்ட தந்தை, அதே வீட்டில் மகனின் தயவில் வாழ்பவராகிவிடுகிறார்.

எழுதியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வாசகங்கள் தவறக்கூடாது: தந்தைக்கும் துணைக்கும் ஆயுள்வரை வசிக்கும் உரிமை; பெறுபவர் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பு நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் செல்லாததாக அறிவிக்க இடம் தருகிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வாதம் சுருங்கும். புதுத் துணைக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கும் இதே பாதுகாப்பு பொருந்தும் என்பதைத் தந்தையிடம் சொல்லுங்கள்.

வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகள் இங்கேதான் இடறுகிறார்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியரோ ஓ.சி.ஐ. அட்டைதாரரோ (வெளிநாட்டுக் குடியுரிமையுடன் இந்தியாவில் காலவரையின்றி வாழ அனுமதி பெற்றவர்) விவசாய நிலத்தை விலைக்கும் வாங்கக்கூடாது, தானமாகவும் பெறக்கூடாது. வாரிசாகவோ உயில் வழியாகவோ பெறலாம். புது மனைவியிடமிருந்து காப்பாற்றுவதாக எண்ணி, அம்பாசமுத்திரத்து வயலைத் துபாய் மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதுவது, அந்த மகனையே விதிமீறலில் நிறுத்தும். அந்த வயலுக்கு உயில்தான் வழி.

9. நாடு கடக்கும் பணம், புதுத் துணையின் பெயரில் நிலம்

இந்தியாவில் வசிக்காத, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டுக் குடிமகள், தம் பெயரில் இங்கே நிலமோ வீடோ பொதுவாக வாங்க முடியாது. இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், சீனா உள்ளிட்ட சில நாட்டுக் குடிமக்களுக்கு, இங்கேயே வசித்தாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. நம் பகுதியில் இலங்கைக் குடியுரிமை உள்ளவரை மணப்பது அரிதன்று என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்த பின் துணை ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், பாகிஸ்தான், வங்கதேசத்தவருக்கு அது கிடையாது.

தந்தை தம் சேமிப்பிலிருந்து துணையின் நாட்டுக்கு அனுப்ப விரும்பினால், வங்கி வழியாக, தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கொடையாகவோ குடும்பப் பராமரிப்புக்கோ அனுப்புவது ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். தெரிந்தவர் வழியாக உண்டியலில் (ஹவாலா) அனுப்புவது குற்றம். பணம் போய்ச் சேராவிட்டால் கேட்கவும் ஆள் இல்லை. துணையின் பெயரில் வைப்புத்தொகை போட்டால், அதன் வட்டிக்குத் தந்தையே வரி கட்ட வேண்டும் என்பதும் பலருக்குப் பிறகே தெரிகிறது.

தந்தை அங்கேயே குடியேறுவதாக இருந்தால், இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ்வோருக்கான சாதாரண ரூபாய்) கணக்காக மாற்ற வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் போட முடியாது. அமெரிக்க கிரீன் கார்டு பெற்றால், அந்நாட்டுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டும் ஆண்டுகளில் அங்கே தனி அறிக்கை கொடுக்க வேண்டும்.

10. நினைவு மங்கும் காலத்துக்கான ஏற்பாடு

பவர் பத்திரம் இருந்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. நம் நாட்டில், எழுதிக்கொடுத்தவரின் மனத்திறன் போனால் பவரும் போய்விடும். மிகத் தேவைப்படும் அந்த நாளில்தான் அது உதவாது. அதன்பின் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழியாகக் காப்பாளர் நியமனம் பெறுவதே பலருக்கு வழியாகிறது. ஆகவே பவரைக் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். சொத்து விற்கும் அதிகாரத்தைப் பிள்ளைக்கும் தர வேண்டாம், துணைக்கும் தர வேண்டாம். மருத்துவச் செலவுக்கென ஒரு வைப்புத்தொகையை, தந்தையோ நம்பிக்கையான ஒரு பிள்ளையோ தனித்தனியே இயக்கும்படி முன்பே அமைப்பது நடைமுறையில் நன்றாக உதவுகிறது.

11. பணம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால்

பாஸ்புக்கே முதல் சாட்சி. ஓய்வூதியம் வரவான இரண்டாம் நாளுக்குள் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருப்பது, முதிர்வுக்கு முன் உடைக்கப்பட்ட வைப்புகள், தந்தைக்குப் பெயர் தெரியாத யு.பி.ஐ. பெறுநர்கள், நகைக்கடன் வட்டிக் கழிவு ஆகியவற்றை அவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, "இது எதற்கு?" என்று கேளுங்கள். விடை நியாயமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பல் கட்டிய செலவையும் துணையின் விமானச் சீட்டையும் மோசடி என்று எழுப்பிய குடும்பத்தில், பிறகு உண்மையான மோசடி நடந்தபோது தந்தை வாய் திறக்கவில்லை.

இணையவழியில் ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்குவதற்குச் சில மணி நேரமே இருக்கும். பிறகு வங்கிக்கு எழுத்துப் புகாரும், தேசிய சைபர் குற்ற இணையதளப் பதிவும் செய்யுங்கள். துணை நேரில் வருவதற்கு முன்பே, "டெல்லி விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்துவிட்டது, வரி கட்ட வேண்டும்" என்று பணம் கேட்டு வந்த அழைப்புகள் எல்லாம் இந்த வகையே.

அச்சுறுத்திச் சொத்து எழுதி வாங்கப்பட்டிருந்தால், அல்லது பராமரிப்பு மறுக்கப்பட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் தந்தையே மனுக் கொடுக்கலாம். திருநெல்வேலி மாவட்டத்துக்குத் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரு கோட்டங்கள். முதியோர் உதவி எண் 14567. மனுவில் தந்தையின் சொந்தக் கையெழுத்தும், அவர் தம் சொற்களில் சொன்ன நிகழ்ச்சி வரிசையும் இருக்கட்டும். மகன் எழுதிக்கொடுத்ததைத் தந்தை படிக்காமல் கையெழுத்திட்டிருந்தால், விசாரணையின் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.